செவலையைத் தேடி வந்தவர்கள்

நவம்பர் 22

வெள்ள நிவாரண முகாம் இன்றோடு முடிந்தது. கடைசிக் குடும்பமும் மதியம் பாயைச் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிட்டது. வீட்டுக்குப் போய்ச் சகதியைத்தான் அள்ளப் போகிறார்கள். ஆனாலும் சொந்த வீட்டுச் சகதி என்று ஓர் அவசரம் எல்லோர் முகத்திலும் இருந்தது. பள்ளிக்கூடம் முழுக்கப் பிளீச்சிங் பவுடர் வாடை. நானும் வாட்ச்மேன் சொர்ணமும் சத்துணவுக்காரப் பெண்களும் பெஞ்சுகளை மைதானத்தில் போட்டுக் கழுவினோம். பத்தாம் வகுப்புக் கரும்பலகையில் யாரோ சாக்பீஸால் பெரிய கோலம் போட்டிருந்தார்கள். அழிக்க மனம் வரவில்லை.

மனிதர்கள் போன பிறகுதான் மற்றதுகள் கண்ணில் பட்டன. மைதானத்தில் ஒரு வெள்ளாடு. சைக்கிள் நிறுத்துமிடத்தில் கோழிகள். அலுவலக ஜன்னலில் கூண்டோடு ஒரு கிளி. அங்கங்கே நாய்கள். எது யாருடையது, எது படகுக்குப் பின்னால் நீந்தி வந்தது, ஒருவருக்கும் தெரியவில்லை.

ஹெச்.எம். வந்து பார்த்தார். "திங்கக்கிழமை ஸ்கூல் திறக்கணும் டீச்சர். இதுகள எல்லாம் கேட்டுக்கு வெளிய விட்டுருங்க."

"யாராவது தேடி வந்தா?"

"ஆளத் தேடவே ஆள் இல்ல. ஆட்டையும் நாயையும் யார் தேடப் போறா?"

நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். ஓய்வு பெற்றவளுக்கு இந்தப் பள்ளிக்கூடத்தில் என்ன அதிகாரம்? இருந்தாலும் வாயில் வந்துவிட்டது. ஹெச்.எம். தலையை ஆட்டிக்கொண்டு போனார்.

பெங்களூரிலிருந்து கதிரேசன் பேசினான். "அந்த வீட்ல தனியா என்னம்மா பண்றீங்க? தண்ணி வந்தப்ப போனும் கிடைக்காம நாங்க ரெண்டு பேரும் என்ன பாடுபட்டோம் தெரியுமா? அப்பா இருந்தவரைக்கும் சரி. இனிமே அங்க என்ன இருக்கு? வீட்டப் பூட்டிட்டு வந்துருங்க."

இங்கே கொஞ்சம் வேலை இருக்கிறது, முடித்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன்.

நவம்பர் 23

கால்நடை மருந்தகத்து டாக்டர் பெனிட்டா ஸ்கூட்டரில் வந்தாள். என்னிடம் படித்த பெண் இல்லை, நாசரேத்துப் பக்கம். முழங்கால் வரை சேறு. ஒரு வாரமாகச் செத்த மாடுகளைப் புதைக்கிற இடங்களுக்கே போய்க்கொண்டிருந்தாளாம். "உசிரோட இருக்கிற ஒண்ணப் பாக்கவே ஆசையா இருக்கு டீச்சர்" என்று சொல்லி ஆட்டின் நெற்றியைத் தடவினாள்.

மேடைக்கு அடியில் ஒரு நாய் இரண்டு நாளாக வெளியே வராமல் கிடந்தது. செவலை நிறம், இடது காது நுனி மடிந்தது. நான் தட்டில் சோறு வைத்து, முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டேன். பார்த்தால் வராது, பார்க்காவிட்டால் வரும் என்று பெனிட்டா சொன்னாள். வந்தது. கழுத்தில் நீல நைலான் கயிறு இறுகி, கீழே புண் பழுத்திருந்தது. பெனிட்டா கயிற்றை எடுத்து, புண்ணைக் கழுவி மருந்து வைத்தாள். நாய் முனகக்கூட இல்லை. என் புடவை முந்தானையைப் பல்லில் மெதுவாகப் பிடித்துக்கொண்டிருந்தது.

கயிற்றின் நுனியைப் பார்த்து பெனிட்டா சொன்னாள்: "கடிச்சு அறுத்தது இல்ல டீச்சர். கத்தி பட்டிருக்கு. கட்டிப்போட்டிருந்த இடத்துல யாரோ வந்து அறுத்து விட்டிருக்காங்க."

ஒவ்வொன்றையும் போட்டோ எடுத்தோம். பெனிட்டா அவற்றைப் போனில் எல்லாக் குழுக்களுக்கும் அனுப்பினாள். நான் படங்களோடு என் நம்பரையும் போட்டு நோட்டீஸ் எழுதிப் பேருந்து நிலையத்திலும் ரேஷன் கடையிலும் ஒட்டினேன்.

நவம்பர் 25

ஆட்டுக்காரர்கள் வந்தார்கள். ஆட்டைக் கட்டிப்பிடித்து அழுத பெண்ணைத் தேற்ற முடியவில்லை. வீடு போனதற்கு அழவில்லையாம், புருஷன் சொன்னான்.

கிளி விஷயம் வேடிக்கை. காலையிலிருந்து "லூர்து, காபி, லூர்து, காபி" என்று உயிரை எடுத்தது. சொர்ணம்தான் யோசித்து, மாதா கோயில் தெரு லூர்து டெய்லரிடம் போய்க் கேட்டான். அவருடைய கிளி இல்லை. ஆனால் தினமும் அவரைக் காபி குடிக்கக் கூப்பிடுகிற பக்கத்துக் கடைக்காரரின் கிளி. மனிதர் ஓடி வந்தார். வெகு நாளைக்குப் பிறகு நான் சத்தம் போட்டுச் சிரித்தேன்.

செவலையை யாரும் கேட்கவில்லை. திங்கட்கிழமை பள்ளி திறப்பதால் வீட்டுக்குக் கூட்டிவந்தேன். மற்ற நாய்களுக்குத் தெருக்காரர்கள் ஆளுக்கொன்றாகச் சோறு போட ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

நவம்பர் 26

செவலை இரண்டு வேளையும் பால்சோறு சாப்பிட்டது. கதிரேசன் அப்பாவின் நாற்காலிக்கு அடியில் படுத்துக்கொள்கிறது.

நவம்பர் 28

தண்ணீர் லாரி வந்தது. போர்வைகளைத் துவைத்தேன். கீழ்ச்சுவர் இன்னும் ஈரம், சுண்ணாம்பு உதிர்கிறது. நான் மாடிக்கும் கீழுக்கும் நடக்கும்போதெல்லாம் செவலையும் நடக்கிறது. நான் படியில் நின்றால் அதுவும் நிற்கிறது. இந்த வீட்டில் காலடிச் சத்தம் இரண்டாகக் கேட்டு ரொம்ப நாளாகிவிட்டது.

பதினோரு மணிவாக்கில் தெரியாத நம்பரிலிருந்து போன். கை ஈரமாக இருந்தது. எடுப்பதற்குள் நின்றுவிட்டது.

நவம்பர் 29

அதே நம்பர், காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை. சிக்னல் சரியில்லை. வெள்ளத்துக்குப் பிறகு எல்லோருக்கும் இதே பிரச்சனைதான்.

செவலைக்குக் கழுத்துப் புண் காய்ந்துவருகிறது. கடைவீதியில் சிவப்பு நிறத்தில் ஒரு கழுத்துப்பட்டை பார்த்தேன். மெத்தென்று நல்ல தோல். வாங்கிவிட்டேன்.

டிசம்பர் 1

பெனிட்டா காலையில் ஒருவரை ஸ்கூட்டரின் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிவந்தாள். ஐம்பத்தைந்து வயதிருக்கும். மொட்டைத்தலை. வேட்டி ஓரமெல்லாம் சேற்றுக் கறை.

"இவங்க பரமார்த்தலிங்கம். அகரத்துப்புதூர். உங்களுக்கு மூணு நாளா போன் போடுதாங்களாம், கிடைக்கலியாம்" என்றாள் பெனிட்டா. என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னாள்.

அவரே எனக்காகப் பதில் சொன்னார். "டவர் எப்படிம்மா கிடைக்கும்? கம்பமெல்லாம் சாஞ்சுல்லா கெடக்கு."

நான் திண்ணையைக் காட்டி உட்காரச் சொன்னேன்.

உள்ளேயிருந்து செவலை வந்தது. வாசல் நிலைப்படியில் நின்றது. அவர் குரலே எழும்பாமல் கூப்பிட்டார்: "ஏல, கருவாடு."

அது ஓடவில்லை, குரைக்கவில்லை. வயிற்றைத் தரையில் தேய்த்துக்கொண்டே போய் அவர் பாதத்தில் முகத்தை வைத்து, மனுஷர் அழுவதுபோல நீளமாக ஒரு சத்தம் எழுப்பியது. இவ்வளவு நாளில் நான் அதன் குரலைக் கேட்டதே இல்லை. அவர் குனிந்து அதன் முதுகில் கையை வைத்தபடியே இருந்தார். குட்டியாக இருக்கும்போது அடுப்படியில் கருவாட்டுச் சட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடியதால் மகன் வைத்த பேராம்.

"கூட்டிட்டுப் போறீங்களா?" என்று கேட்டேன்.

"இல்லம்மா. உசிரோட இருக்கான்னு பாத்துட்டுப் போவத்தான் வந்தேன். வீட்டுல சேத்துக்கிட மாட்டா."

பிறகு சொன்னார். விடியற்காலையில் குளம் உடைந்து தண்ணீர் வந்தபோது ஊர் முழுக்க ரேஷன் கடை மொட்டைமாடியில் ஏறிவிட்டது. நாய் வாழைத்தோட்டத்து மோட்டார் ரூமில் கட்டிக் கிடந்தது. அது குரைப்பது மாடி வரை கேட்டிருக்கிறது. அவருடைய மகன் செந்தூர்பாண்டி, ஒரே பையன், லோடு ஆட்டோ ஓட்டியவன், அப்போது இடுப்பளவுத் தண்ணீர்தானே என்று இறங்கிவிட்டான்.

"'இந்தா வந்துருதேன்ப்பா'ன்னான். அம்மைக்காரி சேலையப் போட்டு இழுத்தா. கேக்கல. பொறவு கொஞ்ச நேரத்துல இன்னொரு கர உடைஞ்சு தண்ணி வந்துச்சு. குரைக்கிற சத்தமும் நின்னுபோச்சு. மறுநாள் கீழக்கரை முள்ளுக்குள்ள கெடந்து எடுத்தோம்."

பெனிட்டா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

"எங்க வீட்டுல அவ, பொன்னுக்கனி, இன்னைக்கி வரைக்கும் ஒரு சொட்டுக் கண்ணீர் விடல. பேச்சுமில்ல. ஒண்ணே ஒண்ணுதான் ஒரு நா கேட்டா. 'அவன் அங்கன போயாச்சும் சேந்தானா, இல்ல பாதி வழியிலயே போய்ட்டானா?' நான் என்னத்தச் சொல்ல?"

நானும் பெனிட்டாவும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தோம். அந்தக் கயிறு பின்கட்டுக் கொடியில் கிடந்தது. கழுவிப் போட்டிருந்தேன். எடுத்துவந்து கொடுத்தேன். அவர் கத்தி பட்ட நுனியைக் கட்டைவிரலால் தடவித் தடவிப் பார்த்தார். மகன் இடுப்பில் எப்போதும் வாழையிலை அறுக்கிற கத்தி இருக்குமாம்.

"போய்ச் சேந்திருக்கான்" என்றார். அதற்குமேல் அவரால் உட்கார முடியவில்லை. கயிற்றை என் கையிலேயே கொடுத்துவிட்டார். "நீங்களே வந்து சொல்லுங்கம்மா. நான் சொன்னா அவ தேத்துததுக்குச் சொல்லுதேன்னு நெனப்பா."

டிசம்பர் 2

சிவப்புப் பட்டையைக் கழற்றி அலமாரியில் வைத்தேன். பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தேன். கருவாடு என்றால் காதைத் தூக்குகிறது. செவலை என்றால் எழுந்து வருகிறது. இரண்டையும் சொல்லிச் சொல்லிப் பார்த்தது சிறுபிள்ளைத்தனம்.

கதிரேசனிடம், நாயின் சொந்தக்காரர் விஷயம் முடிவாகாமல் வர முடியாது என்று சொல்லியிருக்கிறேன்.

டிசம்பர் 4

அகரத்துப்புதூருக்குப் போனேன். நாயைக் கூட்டிப்போகவில்லை. கயிறு மட்டும்.

வீட்டுச் சுவரில் என் தோள் உயரத்துக்குச் சேற்றுக் கோடு. முற்றத்தில் தார்ப்பாயை விரித்து பொன்னுக்கனி ஊறிப்போன நெல்லைக் கிளறிக்கொண்டிருந்தார். நெல் முளைவிட்டு நாறியது. இனி அது எதற்கும் உதவாது என்று பார்த்தாலே தெரிந்தது. கிளறிக்கொண்டேயிருந்தார். என்னை யார் என்று சொல்லிக்கொண்டேன்.

"எதுக்கு வந்தீங்க டீச்சர்?"

"ஒரு விஷயம் சொல்லிட்டுப் போகலாம்னு."

"நாய வச்சிருக்கது நீங்கதான? அவுக சொல்லல. பஸ்ஸுல வந்த பொம்பள சொன்னா. அத இந்தப் பக்கம் கொண்டாந்துறாதிய. கண்ணுல பட்டா நான் கல்லத் தூக்கிப் போட்டுருவேன்."

பையிலிருந்து கயிற்றை எடுத்து அவர் பக்கத்தில் வைத்தேன். கத்தியால் அறுத்தது, உங்கள் மகன் போய்ச் சேர்ந்திருக்கிறார், போன காரியத்தை முடித்திருக்கிறார் என்று சொன்னேன். பஸ்ஸில் வரும்போதே இந்த வாக்கியங்களை மனசுக்குள் ஒழுங்குபடுத்தி வைத்திருந்தேன்.

அவர் கயிற்றைத் தொடவில்லை. ரொம்ப நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"அப்போ அறுத்து விட்டுட்டுத்தான் போயிருக்கான்."

"ஆமாம்மா."

"ஈரத்துல நைலான் கயிறு லேசுல அறுபடாது டீச்சர். அத அறுத்த நேரத்துல அவன் திரும்பியிருக்கலாம்லா?"

முப்பது வருஷம் வகுப்பில் நின்று பேசியவள், குனிந்து தார்ப்பாய் ஓரத்தில் சிதறிய நெல்லை உள்ளே தள்ளினேன். அவர் மறுபடியும் நெல்லைக் கிளறத் தொடங்கினார். "வெயில் ஏறுது. நீங்க போங்க" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். கயிறு அங்கேயே கிடந்தது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் மனசு கொஞ்சம் லேசாக இருந்தது. ஏன் என்று எழுத விருப்பமில்லை.

டிசம்பர் 7

சந்தைக்குப் போய்விட்டு வந்தேன். பேருந்து நிலையத்தில் ஒட்டிய நோட்டீஸ்கள் மழையில் கிழிந்து தொங்குகின்றன. செவலை படம் இருந்ததை உரித்து எடுத்துவந்துவிட்டேன். இனி யாரும் அழைக்கத் தேவையில்லை.

பெனிட்டா ஒரு கண் போன பூனையைக் கொண்டுவந்தாள். உப்பளத்துப் பக்கம் கிடைத்ததாம். ஒரு வாரம் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள் என்றாள். செவலை அதை முகர்ந்து பார்த்துவிட்டு ஒதுங்கிக்கொண்டது.

டிசம்பர் 9

பரமார்த்தலிங்கம் வந்தார். உரக் கடைக்கு வந்தவர் போல வந்தார். மடியிலிருந்து தாளில் சுற்றிய நெத்திலிக் கருவாட்டை எடுத்து நாய்க்குக் கொடுத்தார். பதினாறு முடிந்ததாம். சொந்தக்காரர்கள் எல்லாம் போய்விட்டார்களாம்.

"கயித்த என்ன செஞ்சா தெரியுமா? அவன் சட்டையெல்லாம் மடிச்சு வச்சிருக்க பொட்டிக்குள்ள வச்சிருக்கா" என்றார்.

"பேசுறாங்களா?"

"இல்ல. இப்போ ராவும் பகலும் ஒரே மாதிரிதான் எங்களுக்கு."

போகும்போது, நாயை இங்கேயே வைத்துக்கொள்ளுங்கள், உங்களைவிட நல்ல இடம் அதற்குக் கிடைக்காது என்றார். சரி என்றேன். அவர் தெருமுனை திரும்பிய பிறகும் செவலை அந்தத் திசையையே பார்த்து உட்கார்ந்திருந்தது. உள்ளே வா, உள்ளே வா என்று பலமுறை கூப்பிட வேண்டியிருந்தது.

டிசம்பர் 12

நடந்ததை நடந்தபடியே எழுதிவிடுகிறேன்.

மதியம் சாப்பிட உட்காரப் போனபோது கதவு தட்டும் சத்தம். பொன்னுக்கனி தனியாக நின்றார். தலை வாரவில்லை. கையில் ஒரு துணிப்பை. என் கண் முதலில் அந்தப் பைக்குள் என்ன இருக்கிறது என்றுதான் போனது. கல் என்று அவர் சொன்னது காதில் இருந்தது.

"எங்க அது?"

நான் சொல்வதற்குள் செவலை நாற்காலிக்கு அடியிலிருந்து வந்துவிட்டது. அவரைப் பார்த்ததும் அப்படியே தரையோடு ஒட்டிக்கொண்டது. நடுங்கி, கிடந்த இடத்திலேயே மூத்திரம் போய்விட்டது. பக்கத்தில் போகவும் இல்லை, ஓடவும் இல்லை. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தபடி இருந்தார்கள். இருவருக்கும் நடுவில் நிற்க வேண்டும் என்று நினைத்தேன். ஆனால் கதவைப் பிடித்தபடியே நின்றுவிட்டேன்.

பொன்னுக்கனி மெல்லத் தரையில் உட்கார்ந்தார். நாயின் கண் மட்டத்துக்கு முகத்தைக் கொண்டுபோனார்.

"ஏல, நீதான பாத்த? நீ மட்டுந்தான பாத்த? சொல்லு. கடைசியா என்ன சொன்னான்? பயந்தானா? என்னையக் கூப்பிட்டானா?"

நாய் அவரையே பார்த்தது.

"சொல்லேன்ல! ஒனக்கு வாய் இல்லையா?" என்று அதன் இரண்டு காதுகளையும் பிடித்து உலுக்கினார். பிடித்த கை விடவில்லை. அப்படியே அதன் தலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். அதன் பிறகு வந்த அழுகையை என்னால் எழுத முடியாது. பக்கத்து வீட்டார் வாசலுக்கு வந்துவிட்டார்கள். நான் கதவைச் சாத்தினேன்.

அழுது ஓய்ந்ததும் முகம் கழுவத் தண்ணீர் கொடுத்தேன். அடுப்படியைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இதுக்கு என்ன போடுதிய?"

"பால்சோறு."

"பால்சோறா? வயிறு ஊதிரும். இது மீன் தலையும் கஞ்சியும் குடிச்சு வளந்ததுலா" என்றார். பிறகு எழுந்து சேலையை உதறிக்கொண்டார். "இருக்கட்டும் டீச்சர். இங்கனயே இருக்கட்டும். என்னால தாங்க முடியாது." துணிப்பையில் இருந்தது தட்டு. நசுங்கிய அலுமினியத் தட்டு, அது சாப்பிடும் தட்டு. எடுத்து வைத்துவிட்டு நடந்தார்.

அவரைப் பஸ் ஏற்றிவிடப் போனேன். கதவைச் சரியாகச் சாத்தினேனா என்று நினைவில்லை. பேருந்து நிலையத்தை எட்டும்போது செவலை எங்கள் பின்னால் வந்துகொண்டிருந்தது.

"போல! வீட்டுக்குப் போ!" என்று அவர் கையை ஓங்கினார். உட்கார்ந்தது. நடந்தால் எழுந்தது. பஸ் வந்தது. அவர் ஏறியதும் அது முன்காலைப் படியில் தூக்கி வைத்தது. கண்டக்டர், "யம்மா, நாயி யாருது? இறக்குங்க" என்று விரட்டினார். பஸ் கிளம்பியது. செவலை பின்னால் ஓடியது.

கொஞ்ச தூரம் ஓடி நின்று, ஒரே ஒரு தடவை என்னைத் திரும்பிப் பார்த்தது.

கூப்பிட்டிருந்தால் வந்திருக்கும். நான் வைத்த பெயர் அதற்கு நன்றாகத் தெரியும். வாய்வரை வந்தது. கூப்பிடவில்லை.

அது மறுபடியும் ஓடியது. பெட்ரோல் பங்கைத் தாண்டி பஸ் நின்றது தெரிந்தது. பொன்னுக்கனி இறங்கினார். பஸ் போய்விட்டது. அவர் நாயைத் தொடவில்லை, ஏதோ சொல்லிக் கை வீசினார், தன் ஊர்ப் பக்கமாகவே நடக்க ஆரம்பித்தார். நாய் பத்தடி பின்னால். கண்ணுக்கு மறையும்வரை அந்தத் தூரம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

தட்டு என் வீட்டிலேயே இருக்கிறது. பெனிட்டாவிடம் கொடுத்தனுப்ப வேண்டும்.

டிசம்பர் 13

தூறல். கொடியில் போட்ட துணி காயவில்லை. பூனை இருமுகிறது.

டிசம்பர் 15

பரமார்த்தலிங்கம் போன் செய்தார். முதல் மணியிலேயே எடுத்தேன்.

"வீட்டுக்குள்ள விடலம்மா. முத்தத்துலதான் கெடக்கு" என்றார்.

"சாப்பாடு?"

"அவதான் வைக்கா. வச்சுட்டு ஏசுதா."

"ஏசுறாங்களா?"

"ஆமாம்மா! 'சவமே, திங்கதுக்கு மட்டும் வாயத் தெறக்க, தோட்டத்துப் பக்கம் போனேன்னா கால ஒடிச்சிருவேன்'னு காலைலேருந்து ஏச்சு. அவனயும் இப்படித்தான் ஏசுவா." அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "வீட்டுல பேச்சுச் சத்தம் கேக்குதும்மா" என்றார்.

தூரத்தில் அந்த அம்மாளின் குரல் எனக்கும் கேட்டது. வார்த்தை புரியவில்லை. கோபமான குரல்தான்.

சாயங்காலம் கதிரேசன் பேசினான். கடைசியில் மறக்காமல் கேட்டான்: "அந்த நாய் எப்படிம்மா இருக்கு? ஆள் கிடைச்சாங்களா?"

நன்றாக இருக்கிறது என்றேன். இரண்டாவது கேள்விக்கு நான் பதில் சொல்லாததை அவன் கவனிக்கவில்லை போலிருக்கிறது, திரும்பக் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. பெங்களூர் போவதைப் பொங்கலுக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பூனைக்கு இன்னும் இருமல் நிற்கவில்லை.